எட்டாவது உத்தரம்

செப்டம்பர் 8, திங்கள்

வீட்டின் பின்புற மரத்தளத்தைத் தாங்கும் எட்டு உத்தரங்களில் மூன்று உளுத்துவிட்டன. சொன்னவர் தச்சர் ராயப்பன். காலை பத்தரை மணிக்கு ஓரத்துப் பலகைகள் இரண்டைப் பெயர்த்து, ஆறாவது உத்தரத்தில் திருப்புளியைக் குத்திக் காட்டினார். கைப்பிடி வரை தடையில்லாமல் இறங்கியது. ஏழிலும் எட்டிலும் நானே குத்திப் பார்த்தேன். அதேதான்.

எண்ணிக்கை சமையலறைப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. ஒன்று முதல் ஐந்து வரை திடமாக இருக்கின்றன.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. முப்பத்தாறு ஆண்டுகள் மாவட்ட நிருபராக இருந்தவனுக்கு அன்றன்றைக்கு எழுதியது மறுநாள் காலையில் அச்சில் வந்துவிடும். வீட்டில் எழுத எதுவும் மிஞ்சாது. இப்போது எழுதுவதற்குக் காரணம், வீட்டை வாங்கவிருக்கும் சுரேந்திரன். கோயம்புத்தூர்க்காரர். கோத்தகிரியில் விருந்தினர் விடுதி நடத்தத் திட்டம். மரத்தளத்தை அடுத்த மழைக்கு முன் பழுது பார்த்து, நீர் இறங்காதபடி செய்து தரவேண்டும், எந்தெந்த நாளில் என்னென்ன செய்தது என்று குறித்து வைக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஐப்பசி மழைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

விற்கச் சொல்வது என் மகள் சாருலதா. ஓசூரில் இருக்கிறாள். எனக்கு அறுபத்தொன்பது வயது. வாசலிலிருந்து சாலைக்கு ஏற ஐம்பத்திரண்டு படிகள். போன மாதம் முப்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். பால்காரர் பார்த்து அவளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

வீடு என் பெயரிலும் என் மனைவி வத்சலா பெயரிலும் இருக்கிறது. வத்சலா 2017 செப்டம்பர் 12 அன்று காலை, என்னிடம் எதுவும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனாள். அதன்பின் தகவல் இல்லை. ஏழாண்டுகள் யாரும் கேள்விப்படாத ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சட்டம். அப்படி அறிவிக்கக் கோரி வழக்குப் போட்டிருக்கிறோம். அறிவித்தால்தான் விற்க முடியும்.

செப்டம்பர் 10, புதன்

வழக்கறிஞர் பத்மாவதி அழைத்தார். விசாரணை அக்டோபர் 14. அதற்கு முன் நான் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். வரைவை அனுப்பியிருக்கிறார். அதன் ஒன்பதாவது பத்தி: "அவரைத் தேடுவதற்கான எல்லா முயற்சிகளும் மேற்கொள்ளப்பட்டன."

இறந்துவிட்டாள் என்று நான் எப்படி எழுதுவது என்று கேட்டேன். பணியில் இருந்த காலத்தில், மருத்துவரோ காவல்துறையோ உறுதி செய்யாமல் ஒரு மரணத்தைக்கூட நான் எழுதியதில்லை. பேருந்து பள்ளத்தில் உருண்டபோது மற்ற பத்திரிகைகள் பதினொன்று என்று போட்டன. நான் ஒன்பது என்று போட்டேன். ஒன்பதுதான்.

"அவங்க இறந்தாங்கன்னு நீங்க நிரூபிக்கவே வேண்டாம் சார்," என்றார் பத்மாவதி. "கேள்விப்படலைன்னு சொன்னா போதும். அது உண்மைதானே?"

உண்மைதான் என்றேன்.

தேடியதற்குச் சான்றாக ஒரு பட்டியல் கேட்டார். பழைய குறிப்பேட்டை எடுத்தேன். வத்சலாவைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரையும் நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம், காரமடை, சத்தியமங்கலம். ஒவ்வொருவரிடமும் கேட்டதையும் நிராகரித்த காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். இன்று தட்டச்சு செய்ததில் மூன்று:

எண் 4. குன்னூர் பேக்கரி ஊழியர். நீல ஸ்வெட்டர் பொருந்துகிறது. ஆனால் அந்தப் பெண் கண்ணாடி அணிந்திருந்தார். பொருந்தவில்லை.

எண் 9. மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம், பூ விற்கும் பாப்பாத்தி. சாம்பல் நிறச் சேலை பொருந்துகிறது. ஸ்வெட்டர் இல்லை. இரண்டு கையும் கரி போலக் கறுத்திருந்ததாம். பொருந்தவில்லை.

எண் 12. காரமடை கோயில் வாசல். வயது எழுபதுக்கு மேல். பொருந்தவில்லை.

காணாமல் போனவர் பற்றிய அறிவிப்பை அப்போது எழுதியதும் நான்தான். ஆறு வரி. எங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் வந்தது; காவல்துறைச் சுவரொட்டியிலும் அதே வாசகம். வயது 57, உயரம் ஐந்தடி ஓரங்குலம், சாம்பல் நிறக் கைத்தறிச் சேலை, நீல நிற ஸ்வெட்டர்.

வத்சலாவுக்கு மறதி இருந்ததையும் எழுதியிருக்க வேண்டும் என்று சாரு இன்றும் சொல்வாள். கோயம்புத்தூர் மருத்துவரிடம் பரிசோதனை அந்த ஆண்டு செப்டம்பர் 19க்குத்தான் குறித்திருந்தது. அதற்கு முன் எதுவும் உறுதியாகவில்லை. ஆகவே எழுதவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று வரவேண்டாம் என்று ராயப்பனிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

பலகைகளைப் பெயர்க்கும் வேலை ஆரம்பம். நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் பதினான்கு. இன்று கழற்றியது பத்துப் பலகை.

ராயப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டபெட்டில் வீடு. தனியாகத்தான் வேலை செய்கிறார். பழுதான மரத்தைப் பார்த்துவிட்டால் அதைச் செய்தவரைத் திட்டாமல் அவருக்கு வேலை ஓடாது. முதலில் இந்தத் தளத்தைப் போட்ட தச்சரைத் தேடினார். திட்ட முடியவில்லை, நல்ல வேலை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு பலகைகளுக்கு இடையில் இருந்த வெள்ளைப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தார்.

"இந்தச் சந்த அடைச்ச புத்திசாலி யாரு சார்?"

நான்தான் என்றேன். 2018 தை மாதம் அடைத்தேன். தண்ணீர் கீழே இறங்காமல் இருக்க.

"தண்ணி இறங்கத்தான் சார் சந்து. பலகைக்குப் பலகை ஒரு ஆணி கனத்துக்கு எடம் விடணும். மேல விழுறது கீழ ஓடிரணும், அடியில காத்து ஓடணும். நீங்க அடைச்சு வெச்சதுல மரம் எட்டு மழையும் உள்ளயே குடிச்சிருக்கு." பிறகு கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார். "பேப்பர்ல இருந்தவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், விடுங்க."

அடைத்ததற்குக் காரணம் தண்ணீர் மட்டுமல்ல. அந்த இடுக்குகள் வழியாக வத்சலாவின் பாட்டு மேலே வரும். ஆண்டுதோறும் மழைக்கு முன் அவள் தளத்தின் அடியில் நுழைந்து உத்தரங்களுக்கு எண்ணெய் பூசுவாள். சரிவின் மேல் நிற்கும் தளம் அது. அடியில் குனிந்து நிற்க இடம் இருக்கும். வரி தெரியாத இடத்தில் வாய்க்கு வந்த சொல்லைப் போட்டுப் பாடுவாள். மேலே தட்டச்சு செய்துகொண்டிருக்கும் எனக்குக் கால் வழியாகக் கேட்கும்.

இது சுரேந்திரனுக்குத் தேவையில்லாத தகவல். அவருக்குக் கொடுக்கும்போது வேறு தாளில் படி எடுத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆறாவது உத்தரத்தின் மேல் இருந்த பலகைகளை எடுத்து முடித்ததும், காலை 11.40க்கு ராயப்பன் கூப்பிட்டார்.

உத்தரத்தின் பள்ளத்தாக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு ஸ்வெட்டர். ஒரு தோள்பட்டை மக்கிப்போய்விட்டது. கழுத்துப் பகுதியில் ஏதோ பறவை கூடு கட்டிவிட்டுப் போயிருக்கிறது. நிறம் நீலம். மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் கறுப்பு. அதைத் தைத்தது வத்சலா. நீலப் பொத்தான் கிடைக்கவில்லை.

ஆணிக்குக் கீழே தரையில் ஒரு தகர டப்பா, பாதி அளவுக்குக் கறுப்பாக எதுவோ இறுகிக் கிடக்கிறது. அதில் ஒரு தூரிகை நின்றவாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2017 செப்டம்பர் 13 அன்று இரண்டு காவலர்கள் தளத்தின் அடியில் நுழையும் சிறு கதவைத் திறந்து கைவிளக்கு அடித்துப் பார்த்தார்கள். கதவு முதல் உத்தரத்தின் பக்கம் இருக்கிறது. அவர்கள் தேடியது ஒரு மனுஷியை. யாரும் இல்லை என்று சொன்னார்கள், அது சரிதான். அதன்பின் கரடி நடமாட்டம் என்று கதவுக்குப் பூட்டுப் போட்டேன். நான் ஒருமுறையும் உள்ளே போனதில்லை.

ராயப்பனிடம், அது பழைய துணி, வெகு நாளாக அங்கே கிடந்திருக்கலாம் என்றேன். அவர் ஸ்வெட்டரை இரண்டு கையாலும் ஏந்தி வந்து கொடுத்தார்.

"அம்மாதுங்களா சார்?"

தெரியவில்லை என்றேன்.

செப்டம்பர் 17, புதன்

மழை. வேலை இல்லை. ஸ்வெட்டரைத் துவைக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

சாரு அழைத்தாள். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா என்று கேட்டாள். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"ஒன்பது பக்கத்த ஒன்பது நாளா படிக்கிறீங்க," என்றாள். "அப்பா, எனக்கு வீட்டப் பத்தியெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு அம்மாவுக்கு ஒரு நாள் வேணும். திதி குடுக்க ஒரு தேதி இல்ல எனக்கு. ஒவ்வொரு புரட்டாசியும் எந்த அமாவாசையில அம்மாவ நினைக்கலாம், எந்த அமாவாசையில நினைக்கக் கூடாதுன்னு தெரியாம கெடக்கேன்."

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு தகவலை வைத்துக்கொண்டு அதன் பொருளை உறுதி செய்யும் முன் அடுத்தவரிடம் சொல்வது என் வழக்கமல்ல. இதுவரை உறுதியானது ஒன்றுதான்: ஸ்வெட்டர் ஆணியில் இருந்தது.

அறிவிப்பில் நீல ஸ்வெட்டர் என்று எதை வைத்து எழுதினேன் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். அறைக் கதவுக்குப் பின்னால் அவள் ஸ்வெட்டர் மாட்டும் கொக்கி காலியாக இருந்தது. ஆகவே போட்டுக்கொண்டு போயிருக்கிறாள் என்று எழுதினேன். அவளைக் கடைசியாகப் பார்த்தவன் என்ற முறையில் எழுதவில்லை. அன்று காலை நான் அவளைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

புதிய வேங்கை உத்தரங்கள் மூன்று வந்து சேர்ந்தன. சாலையிலிருந்து ஐம்பத்திரண்டு படி இறக்க நான்கு ஆட்களுக்கு முழு முற்பகல்.

சுரேந்திரனும் வந்திருந்தார். விருந்தினர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ள வசதியாகக் கம்பித் தடுப்பைக் கண்ணாடியாக மாற்றலாமா என்று ராயப்பனிடம் கேட்டார். கண்ணாடி போட்டால் காட்டெருமை தன் முகத்தைப் பார்த்து முட்ட வரும் என்று ராயப்பன் சொன்னதும், அந்தப் பேச்சை விட்டுவிட்டார். நல்ல மனிதர். நாற்காலியில் மடித்து வைத்திருந்த ஸ்வெட்டரைப் பார்த்து, துடைக்கிற துணியா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீர் காப்புக்கு என்ன பூசுவது என்று விவாதம். சுரேந்திரன் கடையில் விற்கும் பூச்சு என்றார். மேற்பலகைக்கு அது சரி, அடி உத்தரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய்தான், கறையானும் அண்டாது, தண்ணியும் அண்டாது என்றார் ராயப்பன். பழைய ஐந்தையும் அதுதான் காப்பாற்றியிருக்கிறது என்று காட்டினார்.

அப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா பூசின கடைசிக் கை அஞ்சோட நின்னிருக்கு சார். பாருங்க, இதுல தூரிகை ஓடின கோடு தெரியுது. ஆறாவதுல ஒரு முழம் போயிருக்கு. அதுக்கு மேல இல்ல. பாதியில எழுந்து போயிருக்காங்க."

செப்டம்பர் 24, புதன்

புதிய ஆறும் ஏழும் பொருத்தியாயிற்று. எட்டு நாளை. உத்தரங்களின் மேல்விளிம்பில் தார்ப்பட்டை ஒட்டினார். ஆணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்காதாம். மதியத்துக்கு மேல் எண்ணெய் பூச ஆரம்பித்தார். உறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். உறை போட்டால் மரம் கைக்குத் தெரியாது என்றார்.

நாலரை மணிக்கு வாசலில் வந்து நின்றார். இரண்டு கையையும் உடம்பில் படாமல் விரித்துப் பிடித்திருந்தார். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை கரி போலக் கறுத்திருந்தது.

"சார், மண்ணெண்ணெய் எங்க வெச்சிருக்கீங்க? கை கழுவணும்."

அவர் மறுபடி கேட்டார். விறகுக் கொட்டகையில், மேல் பலகையில் இருக்கிறது என்றேன். அவரே போய் எடுத்துக்கொண்டார். கழுவிய பிறகும் கறுப்பு போகவில்லை.

"இது லேசுல போகாது சார். பத்து நாள் இருக்கும். சோறு பிசைஞ்சு ஊட்டினா புள்ளைங்க வாங்காது."

செப்டம்பர் 25

எழுதவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

மூன்று நாட்களாக ராயப்பன் வந்து போய்க்கொண்டிருக்கிறார். என்ன வேலை நடந்தது என்று நான் குறிக்கவில்லை. அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

8ஆம் தேதிக் குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. வத்சலா என்னிடம் எதுவும் சொல்லாமல் போனாள் என்று எழுதியிருக்கிறேன். காவல் நிலையத்திலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். சாருவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

சரியான விவரம் இது. 2017 செப்டம்பர் 12, காலை சுமார் ஒன்பதே கால். முன்னறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியும் அவ்வப்போது எழுதிக்கொண்டிருந்தேன். பச்சைத் தேயிலை விலை பற்றிய செய்தி. நாலாவது பத்தியில் இருந்தேன். வத்சலா என் பின்னால் வந்து நின்றாள். "மண்ணெண்ணெய எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள். நான் திரும்பாமல், பொறு என்று இடது கையைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றாள். போய்விட்டாள். செய்தியை முடித்தபோது ஒன்பது நாற்பது.

சொல்லும் அளவுக்கு அது முக்கியம் என்று அப்போது தோன்றவில்லை என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. சொன்னால், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்பார்கள்.

மண்ணெண்ணெய்ப் புட்டி எப்போதும் குளியலறை வாசலில் இருக்கும். அந்த வாரம் ஈர விறகைப் பற்றவைக்க எடுத்துப்போய்க் கொட்டகைப் பலகையில் வைத்துவிட்டேன். எடுத்தவன் நான்.

எண் 9ஐத் திரும்பப் படித்தேன். மேட்டுப்பாளையம், பாப்பாத்தி. கையெழுத்து என்னுடையதுதான். "இரண்டு கையும் கரி போலக் கறுத்திருந்தது" என்பதன் கீழ் நானே கோடு போட்டிருக்கிறேன். பொருந்தவில்லை என்பதற்குக் கூடுதல் காரணமாக.

செப்டம்பர் 29, திங்கள்

ஏழு மணிப் பேருந்தில் மேட்டுப்பாளையம். பாப்பாத்தி இன்னும் அதே இடத்தில், ஊட்டிப் பேருந்துகள் நிற்கும் தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆயுத பூசைக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவதை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தப் பேப்பர்காரருங்கதானே? சம்சாரம் கெடச்சாங்களா?"

இல்லை என்றேன். அன்று பார்த்ததைத் திரும்பச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"அன்னிக்கே சொல்லலாம்னுதான் இருந்தேன். ஸ்வெட்டரு போட்டிருந்தாங்களான்னு கேட்டீங்க. இல்லீங்கன்னேன். நோட்ட மூடிப்போட்டு எந்திரிச்சுட்டீங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்களே."

அவர் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துப் போட்டார். உட்கார்ந்தேன். இந்த முறை நான் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. அவர் சொன்னது:

அந்த அம்மா ஒரு மணி வாக்கில் வந்து தூணுக்குக் கீழே உட்கார்ந்தார். கையைப் பார்த்து ஆட்கள் தள்ளி நடந்தார்கள். ஏதோ நோய் என்று நினைத்திருக்கலாம். பாப்பாத்தி தன் புட்டியிலிருந்து தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்துவிட்டுப் பார்த்தார். போகவில்லை. என்ன இது என்று கேட்டதற்கு, மரத்துக்குப் பூசுகிறது என்றாராம்.

"மண்ணெண்ண வாங்கக் கடைக்கு வந்தேன்னாங்க. கடை எங்கீன்னு தெரியல, பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்னாங்க. வீட்டுல வெச்ச எடமே மறந்துபோச்சு, எனக்கு எல்லாம் மறந்துபோகுது அக்கான்னு அழுதாங்க. வெச்ச எடத்துலதான் இருக்கும், மறந்தது நானுன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாங்க."

நான் குறிப்பெடுப்பதை நிறுத்தினேன். அவர் மாலையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு முழம் ஜாதிமல்லி குடுத்தேனுங்க. கை அப்பியிருக்கு, நீங்களே வெச்சு உடுங்கன்னாங்க. வெச்சு உட்டேன். வீடு எங்கீங்கம்மான்னேன். பவானின்னாங்க. அப்பா தேடுவாங்கன்னாங்க. மூணு மணி ஈரோட்டு வண்டியில நானேதான் ஏத்தி உட்டேன். பவானிக்குப் போறவங்கன்னு கண்டக்டர்கிட்டயும் சொன்னேன். தப்புங்களா?"

தப்பில்லை என்றேன். நீங்கள் செய்தது எல்லாம் சரி என்றேன்.

பவானி வத்சலாவின் பிறந்த ஊர். அவள் அப்பா இறந்தது 1991. வீட்டை விற்று முப்பது ஆண்டாகிவிட்டது. அப்போது பவானியில் உறவினர்களிடம் விசாரித்தேன். வரவில்லை என்றார்கள். ஈரோட்டில் யாரிடமும் விசாரிக்கவில்லை. ஈரோடு என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

சாருவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாக: ஸ்வெட்டர், எண்ணெய், மண்ணெண்ணெய், தூக்கிய கை, பாப்பாத்தி.

"எண்ணெய் பூசறப்ப அம்மா ஸ்வெட்டர் போட மாட்டாங்கப்பா," என்றாள். "கறை ஆயிடும்னு கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. சின்ன வயசுல இருந்து எனக்குத் தெரியும். ஒரு தடவ என்கிட்ட கேட்டிருந்தாப் போதும்."

கேட்கவில்லை.

"பதினாலு பேரக் கேட்டீங்க," என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

அக்டோபர் 3, வெள்ளி

காலை, காவல் நிலையம். ஆய்வாளர் புதியவர். கோப்பை எடுக்கச் சொல்லி, நான் எழுதிக்கொண்டு போனதைச் சேர்த்துக்கொண்டார். ஈரோட்டுக்கும் பவானிக்கும் இன்றே அனுப்பச் சொன்னார். பழைய பத்திரிகை அலுவலகத்திலும் கொடுத்தேன். ஆசிரியர் குழுவில் இப்போது என்னைத் தெரிந்தவர் ஒருவர்தான். எட்டாண்டு கழித்துத் திருத்தமா சார் என்று கேட்டார். படித்துவிட்டு, நாளைக்கே போடுகிறேன் என்றார். வாசகம்:

"திருத்தம். 2017 செப்டம்பர் 14 இதழில், கோத்தகிரியைச் சேர்ந்த வத்சலா (57) காணாமல் போனது பற்றிய அறிவிப்பில், அவர் நீல நிற ஸ்வெட்டர் அணிந்திருந்ததாக வெளியான தகவல் தவறு. அவர் ஸ்வெட்டர் அணிந்திருக்கவில்லை. சாம்பல் நிறக் கைத்தறிச் சேலை அணிந்திருந்தார். இரு கைகளும் மணிக்கட்டு வரை மர எண்ணெயால் கறுத்திருந்தன. தலையில் ஜாதிமல்லி வைத்திருந்தார். மறதி இருந்தது. கடைசியாகப் பார்க்கப்பட்டது, செப்டம்பர் 12 பிற்பகல் மூன்று மணி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஈரோடு செல்லும் பேருந்தில். தவறான தகவலைத் தந்தவர் அவருடைய கணவர்."

கடைசி வரி வழக்கமில்லை என்றார் நண்பர். இருக்கட்டும் என்றேன்.

மாலையில் பத்மாவதியைப் பார்த்தேன். ஒன்பதாவது பத்தியில் கையெழுத்திட முடியாது என்றேன். அவர் சட்டம் சொன்னார்: இது பழைய தகவல், ஏழாண்டுக்குள் புதிதாக எதுவும் வரவில்லை, வழக்குக்குப் பாதிப்பில்லை.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்னாங்கம்மா," என்றேன். "இப்பதான் கேட்டிருக்கேன்."

அவர் பேனாவை மூடினார். அவகாசம் கேட்டு மனுப் போடுவதாகச் சொன்னார்.

சுரேந்திரனிடமும் சொன்னேன். காத்திருக்கிறேன் என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

மரத்தள வேலை முடிந்தது. புதிய உத்தரங்கள் மூன்று, புதிய பலகைகள் பத்தொன்பது, பழைய பலகைகளில் தேறியவை பதினொன்று. பலகைக்குப் பலகை ஓர் ஆணி கனத்துக்குச் சந்து. மேலே இரண்டு பூச்சு. ராயப்பன் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் தேங்காமல் கீழே ஓடிவிட்டது.

எட்டாவது உத்தரத்துக்கு எண்ணெய் நான் பூசினேன். சிறு கதவு வழியாகக் குனிந்து போனேன். ராயப்பன் தடுக்கவில்லை, உறை மட்டும் கொடுத்தார், போட்டுக்கொள்ளவில்லை. ஒரு உத்தரத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. வத்சலா அன்று ஐந்தும் ஒரு முழமும் முடித்திருக்கிறாள். அப்படியானால் விடியும்போதே இறங்கியிருக்கிறாள். நான் எழுந்து, காபியை நானே போட்டுக்கொண்டு, தொலைபேசியை எடுத்திருக்கிறேன். அவள் அன்று பாடினாளா என்று நினைவில்லை. உறுதி செய்ய வேறு ஆள் இல்லை.

மண்ணெண்ணெய்ப் புட்டியைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டேன்.

சாரு இன்று காலை வந்தாள். என் கையைப் பார்த்தாள். இட்லியைத் தட்டில் பிட்டு வைத்துக் கரண்டி கொடுத்தாள். ஸ்வெட்டரை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

பிற்பகல் 2.20க்கு ஈரோட்டிலிருந்து அழைப்பு. பேசியவர் காவல்துறை ஆவண எழுத்தர். 2017 செப்டம்பர் 12 முதல் அந்த ஆண்டு இறுதி வரை, இறந்தோர் பதிவேட்டில் அடையாளம் தெரியாத பெண்கள் நால்வர். அதே காலத்தில் காப்பகங்களில் சேர்க்கப்பட்ட, ஊர் சொல்லத் தெரியாத பெண்கள் ஆறு பேர்; அவர்களில் இருவர் இன்னும் இருக்கிறார்கள். படங்களைத் தொலைபேசியில் அனுப்ப விதி இல்லை, நேரில் வரவேண்டும் என்றார். உடை பற்றிக் கேட்க வேண்டுமா என்றார். வேண்டாம், கைகளைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றேன். எல்லாப் பக்கத்தையும் பார்த்து எடுத்து வைப்பதாகச் சொன்னார்.

நிலுவையில் உள்ளவை. எட்டாவது உத்தரம் காய்வது: வெள்ளி. சொன்னவர் ராயப்பன். அவகாச மனு மீது உத்தரவு: 14ஆம் தேதி. சொன்னவர் பத்மாவதி. என் கைக் கறுப்பு போவது: 17ஆம் தேதி வாக்கில்.

ஈரோட்டுப் பதிவேடும் காப்பகத்தில் இருக்கும் இருவரும்: வியாழன், காலை பதினொரு மணி. சாருவும் உடன் வருகிறாள்.